புல் வெட்டும் இயந்திரமும் பாதுகாப்பான பாவனையும்



பாடசாலையில் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் நடைபெறும் நாளை ஒருமுறை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் கொழுவிக்கொண்டு மைதானத்தின் ஓரத்துப் பற்றைகளை வெட்டிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளும். முன்னால் இன்னொரு கூட்டம் சிரட்டை, யோகட் கோப்பை, பிளாஸ்ரிக் போத்தல் முதலியவற்றைப் பொறுக்கும். இயந்திரத்தைப் பிடித்திருப்பவர் சப்பாத்தும் கண்ணாடியும் அணிந்திருக்கக்கூடும். பொறுக்குபவர்களிடம் இவை எவையும் இரா. ஆயினும் இயந்திரத்தில் உள்ள காப்பு மறைப்பு பெரும்பாலும் அதனைப் பிடித்திருப்பவரையே காக்கின்றது. சுற்றி நிற்பவர்களைக் காப்பது தூரம் ஒன்றே. எனவே இக்கட்டுரையில் அந்தத் தூரம் பற்றியே கூடுதலாகப் பார்க்கப்போகின்றோம்.

பரீட்சையில் உபகரணங்களின் பாதுகாப்பான பாவனை பற்றி வினவப்படும்போது "கவனமாக வேலை செய்தல்" என ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது விடை ஆகாது. எந்த ஆபத்து, அது எதனால் உண்டாகின்றது, அதனை எது தடுக்கின்றது என்ற மூன்றும் இருந்தாலே விடை நிறைவு பெறும். கீழே வரும் ஒவ்வொரு விடயத்தையும் அம்மூன்று கேள்விகளோடும் வாசியுங்கள்.

இயந்திரத்தின் அமைப்பு

தோளில் கொழுவும் புல் வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையில் சிறிய பெற்றோல் எஞ்சினும் மறு முனையில் வெட்டும் தலையும் உள்ளன. இரண்டையும் நீண்ட குழாய் ஒன்று இணைக்கின்றது. அக்குழாயின் உள்ளே சுழலும் தண்டு எஞ்சினின் சுழற்சியைத் தலைக்குக் கொண்டு செல்கின்றது. வெட்டும் தலையில் தங்கூசி போன்ற, ஆனால் அதனிலும் தடித்த நைலோன் நூல் பொருத்தப்படலாம். அல்லது உருக்கினாலான வெட்டலகு பொருத்தப்படலாம். புல்லுக்கும், மதில் ஓரம், வேலி ஓரம் என்பவற்றுக்கும் நைலோன் நூல் உகந்தது. தடித்த தண்டுள்ள பற்றைகளுக்கே உலோக அலகு வேண்டும். மதில் ஓரத்தில் உலோக அலகைப் பயன்படுத்துவது கல்லோடு கத்தியை மோதவிடுவதற்குச் சமன்.

எஞ்சினுக்கும் தண்டுக்கும் இடையில் மையநீக்கக் கிளச் ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கிளச்சின் துண்டுகளை வில்கள் உள்ளே இழுத்து வைத்திருக்கும். கதி கூடும்போது அத்துண்டுகள் வெளிநோக்கி நகர்ந்து வெளிப்புறக் கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். அப்போதுதான் தலை சுழலத் தொடங்கும். இதனை அறிந்து வைத்திருப்பதில் ஒரு பயன் உண்டு. கைப்பிடியில் உள்ள நெம்பை விட்டுவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் வெட்டும் தலை நிற்க வேண்டும். நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தால் அவ்வியந்திரம் திருத்தப்படாமல் வேலைக்கு எடுக்கத் தகுதியற்றது. எஞ்சினை நிறுத்திய பின்னரும் தலை சடத்துவம் காரணமாகச் சில செக்கன்கள் சுழலும் என்பதையும் குறித்துக்கொள்க. நூலில் சிக்கிய கொடியை இழுக்கப் போய் விரல் வெட்டுப்படுவது இந்தச் சில செக்கன்களில்தான். கொடியை அகற்றுவதாயின் எஞ்சினை நிறுத்தி, தலை முற்றாக நின்ற பின், பிளக்கின் மூடியையும் கழற்றிவிட்டே கை வைத்தல் வேண்டும்.

நூலின் நுனி எவ்வளவு கதியில் செல்கின்றது?

இது விஞ்ஞான பாடத்திலும் உங்களுக்கு உதவும் கணக்கு. வெட்டும் தலையின் மையத்திலிருந்து நைலோன் நூலின் நுனி வரையுள்ள தூரம் 20 சென்ரிமீற்றர் எனவும், தலை நிமிடத்துக்கு 6000 தடவை சுழல்கின்றது எனவும் கொள்வோம். இவ்வகை இயந்திரங்களுக்கு இது சாதாரணமான அளவாகும்.

ஆரை = 0.2 மீற்றர்
ஒரு சுற்றில் நுனி செல்லும் தூரம் = 2 × 3.14 × 0.2 = 1.256 மீற்றர்
செக்கனுக்குச் சுற்றுகள் = 6000 ÷ 60 = 100
நுனியின் கதி = 1.256 × 100 = செக்கனுக்கு 125.6 மீற்றர்

இதனை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 452 கிலோமீற்றர் வரும். எமது நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளில் வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சக் கதி மணிக்கு 100 கிலோமீற்றர். புல்லைத் தடவிக்கொண்டு போவதுபோலத் தோன்றும் அந்த நூல் அதைப் போல நாலரை மடங்கு கதியில் செல்கின்றது. மெல்லிய நூல்தானே என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நூலுக்கு வெட்டும் ஆற்றலைக் கொடுப்பது அதன் கூர் அன்று, கதியே.

இந்த நூல் ஒரு கல்லில் பட்டால் கல் வட்டத்தின் தொடலி வழியே பறக்கும். நுனியின் முழுக் கதியும் கல்லுக்குக் கிடைப்பதில்லை. அதில் பாதியிலும் குறைவாக, செக்கனுக்கு 60 மீற்றர் கிடைத்தது எனக் கொள்வோம். சிறுவர் விளையாடும் போளை அளவிலான கல்லின் திணிவு ஏறத்தாழ 5 கிராம். அதன் இயக்கச் சக்தி = ½ × 0.005 × 60 × 60 = 9 யூல். ஒரு கிலோகிராம் சீனிப் பை 90 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தியும் இதே 9 யூல்தான். வித்தியாசம் என்னவென்றால், சீனிப் பை தன் சக்தியைப் பரந்த பரப்பில் கொடுக்கும். கல் அதனை ஒரு விரல் நுனி அளவு இடத்தில் கொடுக்கும். அந்த இடம் கண்ணாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

15 மீற்றர் என்பது எவ்வளவு?

புல் வெட்டும் இயந்திரங்களின் கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் அறிவுறுத்தல், வேலை நடைபெறும்போது 15 மீற்றர் தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது என்பதாகும். இது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய தூரம் அன்று. இயந்திரத்தைப் பிடித்திருப்பவரை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஆரை அது. அவர் நகர நகர வட்டமும் அவரோடு நகரும்.

அந்த வட்டத்தின் பரப்பளவைக் கணித்துப் பாருங்கள். 3.14 × 15 × 15 = 706.5 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் ஆதலால் இது ஏறக்குறைய 28 பேர்ச். யாழ்ப்பாணத்தில் 10 பேர்ச்சை ஒரு பரப்பு என்பர். ஆகவே அந்த வட்டம் 2.8 பரப்பு. வீடும் கிணறுமாக இரண்டு பரப்பு வளவில் வாழும் ஒருவர் புல் வெட்டும்போது அவருடைய வட்டம் அயல் வீட்டு முற்றத்துக்குள்ளும் ஒழுங்கைக்குள்ளும் போய்விடுகின்றது. உயர்ந்த மதில் இருந்தால் அது கல்லைத் தடுக்கும். கம்பி வேலி தடுக்காது. கிடுகு வேலியை நம்பவும் முடியாது. வெட்டத் தொடங்குமுன் அயலவருக்குச் சொல்லிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளச் சொல்வதும், ஒழுங்கையால் எவரேனும் வரும்போது நெம்பை விட்டுத் தலை நிற்கும்வரை பொறுப்பதும் இதனாலேயே அவசியமாகின்றன.

15 மீற்றர் தூரத்தில் நின்றால் கல் வருவதைக் கண்டு விலகிவிடலாம் எனச் சிலர் நினைப்பர். அது தவறு. செக்கனுக்கு 60 மீற்றர் கதியில் வரும் கல் 15 மீற்றரைக் கடக்க 15 ÷ 60 = 0.25 செக்கன் போதும். கண் கண்டு, மூளை உணர்ந்து, தலை திரும்பும் முன்னரே கல் வந்துவிடும். தூரத்தின் பயன் வேறு. தூரம் கூடக் கூடப் பறக்கும் பொருள்கள் பரந்து செல்கின்றன, உங்கள் மீது படும் வாய்ப்புக் குறைகின்றது. பல கற்கள் அதற்கு முன்னரே நிலத்தில் விழுந்துவிடுகின்றன. பட்டாலும் வளித்தடை காரணமாகக் கதி சற்றுக் குறைந்திருக்கும்.

சிரமதானத்துக்கு வருவோம். பொறுக்குபவர்களும் கூட்டுபவர்களும் வெட்டுபவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கத் தேவையில்லை. முதலில் பொறுக்குதல், எல்லோரும் விலகிய பின் வெட்டுதல், இயந்திரம் நிறுத்தப்பட்ட பின் கூட்டி அள்ளுதல் என்று ஒழுங்குபடுத்தினால் வேலை அரை மணித்தியாலம் கூடுதலாக எடுக்கலாம், அவ்வளவுதான். வெட்டுபவரிடம் ஏதும் சொல்ல வேண்டுமானால் பின்னால் சென்று தோளைத் தொடாதீர்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பும்போது சுழலும் தலையும் அவரோடு திரும்பும். தூரத்தில் நின்று, அவர் பார்க்கும் திசைக்கு வந்து, கையை உயர்த்திக் காட்டுங்கள்.

காப்பு மறைப்பும் சங்கிலித் துண்டும்

வெட்டும் தலைக்கு மேலே, பிடித்திருப்பவரின் பக்கமாக அரைவட்ட மறைப்பு ஒன்று இருக்கும். "அது பற்றையில் தட்டுகின்றது, புல் அடைக்கின்றது" என்று சொல்லி அதனைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவோர் பலர். அவர்கள் சொல்லும் குறை உண்மைதான். புல் அடைக்கத்தான் செய்யும். ஆனால் அது இல்லாவிட்டால் கல் நேரே காலுக்கும் முகத்துக்கும் வரும். நைலோன் நூலுக்குரிய மறைப்பில் ஒரு சிறு கத்தியும் உண்டு. நூல் அளவுக்கு மேல் நீளும்போது அதனைத் துண்டிப்பது அக்கத்தியே. மறைப்பைக் கழற்றினால் நூல் நீண்டு, ஆரை கூடி, நுனியின் கதியும் கூடும். எஞ்சினும் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆபத்தான இயந்திரப் பகுதிகளை மறைத்து வைக்க வேண்டும் என்ற கோட்பாடு எமது நாட்டுக்குப் புதியதன்று. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதனையே வலியுறுத்துகின்றது. வளவுக்குள் நடக்கும் வேலைக்கு அந்தச் சட்டம் வராவிட்டாலும் கல்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதனிலும் மோசமான பழக்கம், நூல் அடிக்கடி அறுகின்றது என்பதற்காகக் கம்பித் துண்டையோ சைக்கிள் சங்கிலியையோ கட்டிச் சுழற்றுவது. நைலோன் நூல் அறுந்தால் பறப்பது சில கிராம் பிளாஸ்ரிக். கம்பி அறுந்தால் அது துப்பாக்கிச் சன்னத்தைப் போலப் பறக்கும். கையால் பிடித்து இயக்கும் இவ்வகை இயந்திரங்களுக்கென இணைத்த உலோகத் துண்டுகளாலான வெட்டும் தலைகள் சில நாடுகளில் விற்பனையாகின. அவற்றைச் சந்தைப்படுத்துவதைத் தடைசெய்யுமாறு 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு தன் உறுப்பு நாடுகளைப் பணித்தது. தொழிற்சாலையில் செய்யப்பட்டதற்கே அந்த நிலை என்றால், வீட்டில் கட்டிய சங்கிலியைப் பற்றி என்ன சொல்வது?

உலோக அலகு பொருத்தியிருக்கும்போது பின்னுதைப்பு என்னும் வேறொரு ஆபத்தும் உண்டு. பிடித்திருப்பவர் மேலிருந்து பார்க்கும்போது அலகு இடஞ்சுழியாகச் சுழலும். அலகை ஒரு மணிக்கூட்டு முகமாகக் கொண்டு, நேர் முன்னால் உள்ள இடத்தை 12 எனக் கொள்க. 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி தடித்த கட்டையில் பட்டால் இயந்திரம் வலப்பக்கமாகவும் பின்னாகவும் திடீரென உதைத்துத் தள்ளும். எனவே 8க்கும் 11க்கும் இடைப்பட்ட இடப்பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்டுதல் வேண்டும். இதனை ஒரு படமாக வரைந்து பழகுங்கள். எழுதுவதிலும் வரைவது இலகு.

வெட்டுமுன் நிலத்தைப் பார்த்தல்

பறப்பதற்குக் கல் இல்லாவிட்டால் பறக்காது. ஆகவே வெட்டப்போகும் நிலத்தை முதலில் நடந்து பார்த்து, கல், கண்ணாடித் துண்டு, கட்டுக்கம்பி, எலும்பு, தகரம் என்பவற்றை அகற்ற வேண்டும். புல் உயரமாக இருந்தால் முதலில் மேற்பாதியை மட்டும் வெட்டி, மீண்டும் பார்த்து, பின்னர் அடியை வெட்டலாம். புடையன் போன்ற பாம்புகள் புல்லுக்குள் கிடக்கும் என்பதால் இந்தச் சோதனையையும் உயர்ந்த சப்பாத்து அணிந்தே செய்தல் வேண்டும். செருப்புடன் போகலாகாது. மலையகத்தில் உள்ளவர்கள் குளவிக் கூடு இருக்கின்றதா எனவும் மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்களுக்கு இன்னொன்று கூற வேண்டும். யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிவடைந்தது. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைந்தது. எனினும் வெடிபொருள்களை அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. நீண்ட காலம் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்த காணியில் சுழலும் அலகைக் கொண்டு இறங்குவது, பார்க்காமல் கத்தியால் தட்டிப் பார்ப்பது போன்றது. சிவப்பு நிறத்தில் மண்டையோட்டுச் சின்னம் பொறித்த பலகை உள்ள இடத்தில் கால் வைக்கவே கூடாது. பலகை இல்லாத இடத்திலும் சந்தேகத்துக்குரிய உலோகப் பொருள் தென்பட்டால் தொடாது, நகர்த்தாது, வந்த வழியாலேயே திரும்பி வந்து பொலிசாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும்.

பெற்றோலும் மின்சாரமும்

இவ்வியந்திரங்கள் பலவற்றில் ஈரடிப்பு எஞ்சின் உள்ளது. அதற்கெனத் தனியாக மசகு எண்ணெய்த் தொட்டி இல்லாமையால் பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஊற்றுவர். 25:1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். 50:1 என்றால் 20 மில்லிலீற்றர். எந்த விகிதம் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும், கண்ணளவில் ஊற்றக்கூடாது. பெற்றோல் ஆவி வளியிலும் பாரமானது; நிலத்தோடு தவழ்ந்து தூரத்தில் எரியும் அடுப்பையும் சென்றடையும். எஞ்சின் ஆறிய பின் ஊற்றுதல், ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீற்றர் விலகிச் சென்று இயக்குதல் ஆகியன இதனாலேயே. சோடாப் போத்தலில் பெற்றோலை ஊற்றி வைப்பது ஒருபோதும் ஆகாது. தாகத்தோடு வரும் சிறுபிள்ளைக்கு அது சோடாவாகவே தோன்றும்.

மின்னால் இயங்கும் வேலி கத்தரிக்கும் கருவிகளும் புல்வெட்டிகளும் 230 வோல்ற்றில் வேலை செய்பவை. மழை பெய்த புல்லில் அவற்றை இயக்கக்கூடாது. வயரைத் தோளின் மேலாகப் பின்னால் விட்டு, வெட்டும் திசைக்கு எதிர்ப்புறமாக வைத்திருக்க வேண்டும். வீட்டில் ரிப் சுவிச் வேலை செய்கின்றதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

காதும் கையும்

கண் காயம் உடனே தெரியும். காதின் பாதிப்பு ஆண்டுகள் கழித்தே தெரியும். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கத்தக்க ஒலி மட்டத்தின் எல்லையாக 85 டெசிபெல் பரவலாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணித்தியாலம். பெற்றோல் புல்வெட்டி இயக்குபவரின் காதருகே 95 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். கூலிக்கு நாள் முழுவதும் வெட்டும் ஒருவர் காதுறை இல்லாமல் நிற்கும்போது எத்தனை மடங்கு எல்லையைக் கடக்கின்றார் என்பதை நீங்களே கணிக்கலாம். தொடர்ந்த அதிர்வினால் விரல்களில் விறைப்பும் உணர்ச்சிக் குறைவும் ஏற்படும். இடையிடையே ஓய்வு எடுப்பதும் அதிர்வு தாங்கும் கையுறையும் அதனைக் குறைக்கும். சூரியக் கண்ணாடி கண்ணுக்குப் பாதுகாப்பு அன்று. கல் பட்டால் அதுவே உடைந்து கண்ணுக்குள் போகலாம். பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் அதற்கு மேல் வலை முகமூடியும் வேண்டும்.

18 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை இலங்கைச் சட்டம் தடைசெய்கின்றது. ஆகவே "நீ இளம் பொடியன், கொஞ்சம் பிடித்து வெட்டு" என்று எவரேனும் இயந்திரத்தை உங்களிடம் நீட்டினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் துணுக்குப் பாய்ந்திருந்தால் கசக்கவோ, கழுவவோ, பிடுங்கவோ கூடாது. கண்ணை அமுக்காதவாறு கடதாசிக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, மெதுவாக ஒட்டி மூடி, மற்றக் கண்ணையும் அசைக்காதிருக்கச் சொல்லி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வெட்டுக்காயத்தில் இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, காயப்பட்ட அவயவத்தை உயர்த்தி வைக்க வேண்டும். துணி நனைந்தால் அதனை எடுக்காது மேலே இன்னொன்றை வைத்து அழுத்துக. காயத்தில் மண் பட்டிருக்குமாதலால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்க மறக்கக்கூடாது. இலவச அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

பயிற்சி வினாக்கள்

1. ஆரை 12.5 சென்ரிமீற்றர் உடைய உலோக அலகு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கின்றது. அதன் விளிம்பின் கதியைக் காண்க.

2. 25:1 விகிதத்தில் 3 லீற்றர் பெற்றோலுக்குத் தேவையான ஒயிலின் அளவு யாது?

3. காப்பு மறைப்பைக் கழற்றிய நைலோன் நூல் இயந்திரத்தில் ஏற்படக்கூடிய இரு விளைவுகளைக் காரணத்துடன் எழுதுக.

4. உங்கள் பாடசாலை வளவின் பருமட்டான படத்தை வரைந்து, புல் வெட்டும் இயந்திரம் இயங்கும் இடம் ஒன்றைக் குறித்து, மாணவர் நிற்கக்கூடாத பகுதியை நிழற்றிக் காட்டுக.

விடைகள்: (1) செக்கனுக்கு 94.2 மீற்றர். (2) 120 மில்லிலீற்றர். மூன்றாம், நான்காம் வினாக்களை எழுதி வகுப்புக்குக் கொண்டுவருக.